பச்சைத் துணியில் வெள்ளிக்காசு: ஹாரியட் பவர்ஸின் போர்வைகளை எப்படிப் படிப்பது?

1. பாம்பின் கால்கள்

அந்தப் போர்வையில், ஏதேன் தோட்டத்தில் ஏவாளை மயக்கும் பாம்புக்குக் கால்கள் இருக்கின்றன. 1886 வாக்கில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஹாரியட் பவர்ஸ் என்ற பெண் அதைத் தைத்தார். பின்னாளில் அதை விலைக்கு வாங்கிய ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளை ஓவிய ஆசிரியை, ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் எழுதிவைத்தார். எந்த விலங்குக்குக் கால் இல்லையோ அதற்கு மட்டும் கால் வைத்திருக்கிறார் என்று அதில் ஒரு வேடிக்கைக் குறிப்பும் உண்டு.

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. ஏவாளை ஏமாற்றிய பிறகுதான் பாம்பு வயிற்றால் ஊரும்படி சபிக்கப்படுகிறது. பவர்ஸ் தைத்தது சாபத்துக்கு முந்தைய கணம். அப்போது பாம்பு நடந்துதான் திரிந்திருக்க வேண்டும். ஸ்மித் பிழை என்று கண்ட இடத்தில் வேதத்தை வரிவரியாக மனத்தில் வைத்திருந்த ஒருவரின் கவனத்தை நான் காண்கிறேன்.

இந்தக் கட்டுரையின் கேள்வி இங்கிருந்து எழுகிறது. பவர்ஸின் போர்வைகளில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டு. அவற்றுக்கான விளக்கங்கள் அவர் சொல்ல மற்றவர்கள் எழுதிவைத்தவை. அந்த விளக்கங்களையும், பின்வந்த ஆய்வாளர்கள் கட்டிய விளக்கங்களையும் துணியோடு ஒப்பிட்டால் எவை நிற்கின்றன?

2. பதிவேடுகளில் ஒரு வாழ்க்கை

ஹாரியட் பவர்ஸ் 1837 அக்டோபர் 29 அன்று ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகருக்கு அருகே பிறந்தார். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1829இலேயே ஜார்ஜியாவில் நிறைவேறியிருந்தது. பதினெட்டு வயதில் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸை மணந்தார்; குறைந்தது ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின் தம்பதியர் பண்ணை வேலை செய்து, 1880களில் நான்கு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர்களானார்கள். அடுத்த பத்தாண்டில் அந்த நிலம் துண்டு துண்டாக விற்றுப்போனது. ஆர்ம்ஸ்டெட் வீட்டை விட்டுப் போனார். ஹாரியட் தையல் வேலை செய்து பிழைத்தார்.

நாட்டார் மரபு ஆய்வாளர் கிளாடிஸ் மரி ஃப்ரை 1970களில் வரிப் பதிவேடுகளிலும் மக்கள்தொகைக் கணக்கிலும் தேடி எடுத்து 1976இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இந்த வாழ்க்கை வெளியே தெரிந்தது. பவர்ஸ் 1911இல் இறந்தார் என்று பல நூல்கள் எழுதிவந்தன. 2005இல் ஏதென்ஸின் காஸ்பெல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் கண்டெடுக்கப்பட்டது. அவர் இறந்த நாள் 1910 ஜனவரி 1 என்று அதன்பிறகே உறுதியானது. புகழ்பெற்ற அருங்காட்சியகங்கள் இரண்டில் ஒருவருடைய படைப்புகள் உள்ளன. அவர் இறந்த தேதிக்காகப் புதர் மண்டிய கல்லறைத் தோட்டத்தில் தேட வேண்டியிருந்தது.

3. குயில்ட் என்னும் வேலை

தமிழ் வாசகருக்காகத் தொழிலைப் பற்றிச் சில வரிகள். குயில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை: மேலே துண்டுகள் இணைத்த துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, எல்லாவற்றையும் ஊடுருவி நெடுக ஓட்டுத்தையல் போடுவார்கள். அந்தத் தையல்தான் குயில்ட்டிங். மேல்துணியைச் சதுரமும் முக்கோணமும் சேர்த்துக் கட்டலாம். உருவங்களை வெட்டி ஒரு பரப்பின்மேல் வைத்தும் தைக்கலாம். நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளில் யாளியையும் பூவையும் வெட்டிவைத்துத் தைப்பது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பவர்ஸ் தேர்ந்துகொண்டதும் இதுவே. கையாலும் தைத்தார், தையல் இயந்திரத்தாலும் தைத்தார்.

தோட்ட முதலாளிகளின் கட்டில்களுக்கான போர்வைகளையும் தங்கள் குடிசைகளுக்கான போர்வைகளையும் தைத்தவர்கள் அடிமைப் பெண்கள். முதல் வகை முதலாளி வீட்டின் பெயரில் பாதுகாக்கப்பட்டது. இரண்டாம் வகை, உழைத்த உடம்புகளின்மேல் கிடந்து, துவைத்துத் துவைத்து நைந்து மறைந்தது. பவர்ஸின் இரண்டு போர்வைகள் மிஞ்சியதற்கும் காரணம் அவை போர்த்திக்கொள்ளும் துணியாக இல்லாமல் பார்க்கும் பொருளாக விற்கப்பட்டதுதான்.

4. ஐந்து டாலர்

1886இல் ஏதென்ஸில் நடந்த பருத்திச் சந்தையில் பவர்ஸ், மிஞ்சியிருக்கும் இரண்டில் முதல் போர்வையைக் காட்சிக்கு வைத்தார். லூசி காப் இன்ஸ்டிட்யூட் என்ற வெள்ளைப் பெண்பிள்ளைகளின் பள்ளியில் ஓவியம் கற்பித்த ஜென்னி ஸ்மித் அதைப் பார்த்து விலை கேட்டார். எந்த விலைக்கும் தர மாட்டேன் என்றார் பவர்ஸ்.

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழித்து அவரே விற்க முன்வந்தார். பருத்தி விலை இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1894இல் பவுண்டு ஐந்து சென்டுக்கும் கீழே போனது. பருத்தியை நம்பிய சிறு விவசாயி ஒவ்வொருவருக்கும் அந்த இறக்கம் கடனாக மாறியது. பவர்ஸ் மாட்டு வண்டியில், மாவுச் சாக்கில் சுற்றி அதன்மேல் கோணிச் சாக்கும் போர்த்தி, போர்வையைக் கொண்டுவந்தார். பத்து டாலர் கேட்டார். ஸ்மித் தம்மிடம் ஐந்துதான் இருக்கிறது என்றார். கணவரிடம் கலந்து, ஐந்துக்கே கொடுத்தார்.

இந்த விவரம் முழுவதும் ஸ்மித் எழுதியதிலிருந்து வருகிறது. விற்ற பிறகும் பவர்ஸ் பலமுறை அந்தப் போர்வையைப் பார்க்க வந்துபோனதையும் ஸ்மித்தான் சொல்கிறார். ஸ்மித்தைப் பழிப்பது என் நோக்கமில்லை. அவர் எழுதிவைக்கவில்லை என்றால் இந்தக் கட்டங்களில் பாதிக்கு நமக்குப் பொருள் தெரிந்திருக்காது. அந்த வகையில் பவர்ஸுக்கு அடுத்தபடியாக நாம் கடன்பட்டிருப்பது அவருக்கே. ஆனால் பவர்ஸ் பேசியதை வட்டார உச்சரிப்பில் எழுத்துக்கூட்டிக் காட்டும் அவரது நடையும், சிங்கத்தின் பல்லையும் பாம்பின் காலையும் ரசிக்கும் தொனியும், படைத்தவரை விவரமறியாத கிழவியாக நம்முன் நிறுத்துகின்றன. 1914இல் அவுட்லுக் என்ற இதழில் லூசின் ஃபிஞ்ச் என்பவர் இதே போர்வையைப் பற்றி எழுதியபோதும் அந்தத் தொனி தொடர்ந்தது.

ஸ்மித்தின் குறிப்பையே கூர்ந்து பார்த்தால் அதற்குள் இன்னொரு பெண் தெரிகிறார். முதல் போர்வையில் பதினொரு கட்டங்கள். ஆதாம் ஏவாளில் தொடங்கி, காயீன் ஆபேலைக் கொல்வதும், நோத் தேசத்தில் காயீன் மனைவி தேடுவதும், யாக்கோபின் கனவும், ஞானஸ்நானமும், சிலுவையும், இராப்போஜனமும் கடந்து, திருக்குடும்பத்தில் முடிகின்றன. இவற்றுள் யூதாஸின் கட்டத்தில் முப்பது வெள்ளிக்காசுகள் பச்சைச் சீட்டித்துணியில் வெட்டப்பட்டுள்ளன. அவனுடைய காலடியில் பெரிய வட்டம் ஒன்று கிடக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு 1886இல் முதன்முதலாகத் தோன்றிய நட்சத்திரம் அது என்பது பவர்ஸ் தந்த விளக்கம்.

இதை நான் முக்கியச் சான்றாகக் கருதுகிறேன். வேதாகமக் காட்சிக்குள், போர்வை தைத்துக்கொண்டிருந்த அதே காலத்து வானம் நுழைந்திருக்கிறது. காட்டிக்கொடுத்தவனின் காலடியில், தம் காலத்தில் ஊரார் அண்ணாந்து பார்த்த ஒரு நட்சத்திரத்தை அவர் வைக்கிறார். வேதக்கதையை அப்படியே படம்பிடித்த கைவேலை என்ற விளக்கம் இந்த ஒரு வட்டத்தில் உடைகிறது.

5. தேதியிட்ட நான்கு கட்டங்கள்

இரண்டாவது போர்வையில் அந்த ஒரு வட்டம் நான்கு முழுக் கட்டங்களாக வளர்கிறது. 1895 முதல் 1898 வரையிலான காலத்தைச் சேர்ந்தது அது. 1895இல் அட்லாண்டாவில் நடந்த பருத்தி மாநிலங்களின் பன்னாட்டுக் கண்காட்சிக்கு ஸ்மித் முதல் போர்வையை அனுப்பியிருந்தார். அங்கே அதைப் பார்த்த அட்லாண்டா பல்கலைக்கழகப் பெண்கள் இரண்டாவதைச் செய்யச் சொன்னதாக ஒரு கருத்து. வேறு கண்காட்சியில் வாங்கியதாக மற்றொரு கருத்து. எப்படியானாலும், பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுத் தலைவர் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்ற போதகருக்கு அது அன்பளிப்பாகப் போய்ச்சேர்ந்தது.

பதினைந்து கட்டங்களில் யோபு, யோனா, மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம், ஏழு கலசங்களோடு தேவதூதர்கள், ஜோடி ஜோடியாக விலங்குகள் எல்லாம் வருகின்றன. அவற்றின் நடுநடுவே, எந்த வேதாகமத்திலும் இல்லாத நான்கு நிகழ்ச்சிகள் ஆண்டோடு நிற்கின்றன.

முதலாவது 1780 மே 19இன் இருண்ட நாள். நண்பகலில் நட்சத்திரம் தெரிந்தது, மாடுகள் படுத்துக்கொண்டன, கோழிகள் அடைந்தன என்கிறது இந்தப் போர்வைக்கான விளக்கக் குறிப்பு. நடந்ததும் ஏறக்குறைய அதுதான். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி அன்று பட்டப்பகலில் இருண்டது. கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் மூண்ட காட்டுத்தீயின் புகை அதற்குக் காரணம் என்பதை மரவளையங்களில் உள்ள தீத்தழும்புகள் வழியாக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். பவர்ஸ் பிறப்பதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு, அவருடைய ஊரிலிருந்து வெகு தொலைவில் நடந்தது அது.

இரண்டாவது 1833 நவம்பர் 13 அன்று நட்சத்திரங்கள் விழுந்த இரவு. வானியலாளர்கள் லியோனிட் எரிகல் மழை என்பது இதை. உலகம் முடிந்தது என்று மக்கள் அஞ்சினார்கள், கடவுளின் கை நட்சத்திரங்களைத் தடுத்து நிறுத்தியது என்கிறது குறிப்பு. அடிமைகளின் நினைவில் இந்த இரவுக்குத் தனி இடம் இருந்தது. அடிமையாக இருந்து தப்பி எழுத்தாளரான ஃபிரெடெரிக் டக்ளஸ் தம் தன்வரலாற்றில் இதைப் பதிவுசெய்கிறார். பிறந்த தேதி எழுதிவைக்கப்படாதவர்களுக்கு, நட்சத்திரம் விழுந்ததற்கு முன்னா பின்னா என்பது வயதைக் கணக்கிடும் வழியாகவும் இருந்தது. பவர்ஸ் இதற்கும் நான்காண்டு கழித்தே பிறந்தார்.

மூன்றாவது 1846இன் சிவப்பு வெளிச்ச இரவு. ஊரை எழுப்ப ஒருவர் மணியடிக்கிறார். பெண்களும் குழந்தைகளும் கோழிகளும் நடுங்கினாலும் எவருக்கும் தீங்கில்லை. பவர்ஸுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

நான்காவதில்தான் கை நடுங்குகிறது. 1895 பிப்ரவரி 10, குளிர்ந்த வியாழக்கிழமை. ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே உறைந்து போனாள். இன்னொருத்தி வாசற்கதவருகே உறைந்தாள். மாவு மூட்டை சுமந்தவனும் சாராயக் குடத்தருகே இருந்தவனும் உறைந்தார்கள். கோவேறு கழுதை விட்ட மூச்சு பனிக்கட்டியாகத் தொங்கியது. நீலப் பறவைகள் எல்லாம் செத்தன. மற்ற மூன்றிலும் கடவுளின் கை காப்பாற்றியது, அல்லது அச்சத்தோடு முடிந்தது. இதில் காப்பாற்றுவார் யாரும் இல்லை. ஜெபித்தவளுக்கும் குடித்தவனுக்கும் ஒரே முடிவு. தம் நிலம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த, கணவர் பிரிந்த காலத்தில் பவர்ஸ் தைத்த கட்டம் இது.

நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தால், 1895 பிப்ரவரி 10 ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்து வியாழன் 7ஆம் தேதி. ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த பெருங்குளிர் தெற்கில் இறங்கியது அந்த நாளையொட்டித்தான். பவர்ஸின் 'வியாழன்' சரி, தேதி பிசகு. அவர் சொன்னதில் பிசகா, எழுதிக்கொண்டவர் கையிலா என்று இனித் தீர்மானிக்க முடியாது. ஆனால் அனுபவித்தவருக்குக் கிழமை நினைவில் நிற்பதும், தேதி என்பது பிறகு ஒட்டிக்கொள்வதும் நம் வீட்டுப் பாட்டிகள் புயலைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவர்களுக்குப் புதிதல்ல.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வாய்வழி வரலாறு ஒன்று நூற்றுப்பதினைந்து ஆண்டு நீளத்துக்கு விரிகிறது: இரண்டு கேட்டவை, ஒன்று சிறுவயதில் கண்டது அல்லது கேட்டது, ஒன்று நடுங்கி வாழ்ந்தது. யோபுக்கும் சிலுவைக்கும் இடையில் இவற்றை நிறுத்தும்போது, கடவுள் பேசுவது பழைய நூலோடு முடியவில்லை, எங்கள் கண்முன்னும் தொடர்கிறது என்று பவர்ஸ் வாதிடுகிறார். தைத்த வரலாறு என்றும் தைத்த இறையியல் என்றும் இதை அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

6. ஆப்பிரிக்காவும் குறிமொழியும்

ஆய்வுலகில் அதிகம் பேசப்பட்டது வேறொன்று. பவர்ஸின் உருவங்கள், இன்றைய பெனின் நாட்டிலுள்ள அபோமேயில் ஃபோன் மக்கள் அரசர்களுக்காகத் தைத்த கொடித்துணிகளை ஒத்திருக்கின்றன என்ற கருத்து. ஒரே நிறத்தில் வெட்டிய, உள்விவரம் குறைந்த விலங்குகள் இரண்டிலும் உண்டு. கண்ணால் பார்த்தால் ஒற்றுமை உண்மையே.

ஆனால் ஒற்றுமை வேறு, வழித்தொடர்பு வேறு. ஜார்ஜியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் செனகாம்பியா, சியரா லியோன், அங்கோலா பகுதியினர் பெரும்பங்கு வகித்தனர். அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குமதி செய்வது 1808இலேயே சட்டப்படி முடிந்துவிட்டது. பவர்ஸ் அதற்கு ஒரு தலைமுறை பின்னால் பிறந்தவர். உருவம் வெட்டித் தைப்பதை வெள்ளைப் பெண்களும் அதே நூற்றாண்டில் செய்தார்கள். பால்டிமோர் ஆல்பம் போர்வைகள் இதற்குப் பெயர்போனவை. ஆப்பிரிக்க நினைவு அவருடைய கையில் இருந்திருக்கலாம். அதை ஒரே அரசவைக் கைவினையோடு கோட்டால் இணைக்கும் அளவுக்குச் சான்று போதவில்லை என்பதே என் முடிவு. ஆப்பிரிக்கத் தொடர்பைத் தேடியவர்களின் நோக்கம் உயர்ந்தது. கறுப்பினப் பெண்களின் கலையைக் 'கற்றறியாத கைவேலை' என்ற சொல்லிலிருந்து மீட்க அவர்கள் உழைத்தார்கள். ஆனால் மீட்கும் வேகத்தில், தேர்ந்து தீர்மானித்த ஒரு தனிப்பெண், மரபு தன்னிச்சையாகப் பாயும் குழாயாக ஆகிவிடுகிறார்.

குறிமொழி வாதம் இன்னும் பலவீனமானது. அடிமைகள் தப்பிச் செல்லும் வழியைப் போர்வைகளில் குறியிட்டுக் காட்டினார்கள் என்று 1999இல் வெளிவந்த ஒரு நூல் பரப்பியது. கதை அழகானதுதான். ஆனால் தப்பியவர்கள் எழுதிய தன்வரலாறுகளிலோ, 1930களில் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த நேர்காணல்களிலோ அதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டினர்.

இந்த வாதத்தின் நிழல் பவர்ஸின் பன்றிமீதும் விழுந்திருக்கிறது. இரண்டாவது போர்வையின் ஒரு கட்டத்தில், கடவுளைப் பற்றிக் கற்பிக்கப்படாத வர்ஜீனியாவின் பணக்காரர்களான பாப் ஜான்சனும் கேட் பெல்லும் நிற்கிறார்கள். கடிகாரத்தை ஒரு மணியில் நிறுத்திவையுங்கள், நாளை அது ஒரு மணி அடிக்கும் என்று பெற்றோரிடம் சொல்லிப் போனார்கள்; அடித்தது; அவர்கள் நித்திய தண்டனைக்குள் நுழைந்த அடையாளம் அது. அதே கட்டத்தில் பெட்ஸ் என்ற பெண்பன்றி, ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடியது. 'சுதந்திரமான பன்றி' என்கிறது குறிப்பு.

வடக்கு நோக்கி ஓடும் பெட்ஸைத் தப்பியோடும் அடிமையாகப் படிக்கும் ஆசை புரிந்துகொள்ளக்கூடியதே. தடையாக நிற்பது வர்ஜீனியா. அதுவும் அடிமை மாநிலம். போரில் தெற்கு அரசின் தலைநகரமே அங்கிருந்த ரிச்மண்ட்தான். தப்பியவர் போய் நிற்கும் இடமல்ல அது. நான் இப்படிப் பார்க்கிறேன்: ஒரே சதுரத்தில் இரு பயணங்கள் உள்ளன. எல்லாம் பெற்றவர்கள் தண்டனைக்குள் போகிறார்கள். எதற்கும் உரிமையற்ற, பட்டியடைத்து வளர்க்கும் விலங்கு எவர் ஏவலுமின்றி ஓடுகிறது. ஒப்பீடு கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இரகசியத் திறவுகோல் எதுவும் வேண்டாம்.

7. கடிதம்

பவர்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆலயத்தில் கேட்ட பிரசங்கங்களிலிருந்தே தைத்தார் என்று பல பத்தாண்டுகள் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. 2009இல் கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட நூல் அதைத் திருத்தியது. பவர்ஸ் 1896இல், அயோவா மாநிலத்தின் கியோகக் நகரிலிருந்த லோரீன் டைவர் என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்றை ஹிக்ஸ் கண்டெடுத்தார். வெள்ளைக் குழந்தைகளின் உதவியால் படிக்கக் கற்றதாக அதில் பவர்ஸ் சொல்கிறார். 1882இல் மவுண்ட் சயான் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்ததையும், பிறகு இராப்போஜனத்தை வைத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வைரக்கட்டத் துண்டுகளில் ஒரு போர்வை 'இயற்றியதையும்' குறிப்பிடுகிறார். இயற்றுதல் என்பது பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் உரிய வினை. தாம் செய்தது இன்னதென்று அவர் தெளிவாகவே அறிந்திருந்தார்.

நம்மிடம் உள்ளது நகல் என்பதை மறக்கக் கூடாது; இந்தக் குரலும் முழுக்க இடையீடின்றி வரவில்லை. ஆயினும் அது துணியோடு பொருந்துகிறது. பாம்பின் காலைப் புரிந்துகொள்ள, வேதத்தைத் தாமே படித்த ஒருவர் தேவைப்பட்டார். கடிதத்தில் அந்த ஒருவர் பேசுகிறார். ஸ்மித்தின் வேடிக்கைக் குறிப்பும், அதை ஒட்டி வளர்ந்த 'எழுத்தறியாத பாட்டி' என்ற சித்திரமும் இரண்டு தனித்தனிச் சான்றுகளின் முன் நிற்கவில்லை.

8. பிற்காலம்

முதல் போர்வை ஸ்மித் இறந்தபின் அவருடைய உயிலை நிறைவேற்றியவர் வழியாக 1968இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இரண்டாவதை ஹாலின் மகனிடமிருந்து சேகரிப்பாளர் மேக்சிம் கரோலிக் வாங்கினார்; 1964இல் அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தது. 1992இல் ஸ்மித்சோனியன் தன்னிடமிருந்த பழைய போர்வைகள் சிலவற்றைச் சீனாவில் பிரதியெடுத்து விற்க ஒரு நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. அவற்றில் பவர்ஸின் போர்வையும் ஒன்று. நாடெங்கும் போர்வை தைக்கும் பெண்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். பத்து டாலர் கேட்டு ஐந்து டாலர் பெற்றவரின் படைப்பு, தைத்தவர்களின் பெயர் தெரியாத பிரதிகளாகச் சில நூறு டாலருக்கு விற்கப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது.

2021இல் பாஸ்டன் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் இரண்டு போர்வைகளும் முதன்முறையாக ஒரே இடத்தில் வைக்கப்பட்டன. இராப்போஜனப் போர்வை உட்பட, கடிதத்தில் பவர்ஸ் குறிப்பிடும் மற்றவை எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.